கட்டை பாடும் கதை: மரிம்பா



பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு மணியோசை நினைவிருக்கும். அது கோயில் மணியன்று. ஒரு முழ நீளமுள்ள தண்டவாளத் துண்டு. அதைக் கம்பியில் கட்டி ஒரு மரக்கிளையில் தொங்கவிட்டிருப்பார்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அதைத்தான் அடிப்பார்கள். தோட்டப் பள்ளிகள் பலவற்றிலும் அதுவே பள்ளி மணி. அதன் ஓசை லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கணீரென்று கேட்கும்.

அதே தண்டவாளத் துண்டை அவிழ்த்துத் தரையில் கிடத்தி அடித்துப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரும்பு மாறவில்லை. அடித்த கையும் மாறவில்லை. ஆனால் நாதம் எங்கோ போய்விட்டது. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டால், மரிம்பா என்னும் இசைக்கருவியின் இரகசியத்தில் பாதி நமக்குப் புரிந்துவிடும். அந்தக் கருவியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

மரிம்பாவா, கேள்விப்பட்டதே இல்லையே என்று சிலர் நினைக்கலாம். பெயரைக் கேட்டிராவிட்டாலும் அதன் ஓசையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 2007ஆம் ஆண்டில் ஐபோன் என்னும் கைத்தொலைபேசி வெளிவந்தபோது, அதில் அமைத்திருந்த அழைப்பு மணியின் பெயரே மரிம்பா. பேருந்திலும் சந்தையிலும் 'டிங் டிங்' என்று மரத்தில் தட்டுவது போல ஒலித்த அந்த ஓசை, இந்தக் கருவியின் சாயலில் அமைந்ததுதான்.

கருவியைக் கண்ணால் பார்த்தால் இப்படி இருக்கும். ஒரு நீளமான சட்டத்தின்மேல் மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஆர்மோனியத்தின் கட்டைகளைப் போலவே முன்வரிசை, பின்வரிசை என இரண்டு வரிசைகள் உண்டு. இடக்கைப் பக்கம் பெரிய கட்டைகள். வலக்கைப் பக்கம் போகப் போகச் சிறியவை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு குழாய் தொங்கும். வாசிப்பவர் நின்றுகொண்டு, நுனியில் உருண்டை வைத்த கோல்களால் கட்டைகளைத் தட்டுவார். கைக்கு ஒரு கோலாக இரண்டு கோலும் பிடிக்கலாம். கைக்கு இரண்டாக நான்கும் பிடிக்கலாம். இன்றைய பெரிய மரிம்பாவில் ஐந்து ஸ்தாயிகளும் 61 கட்டைகளும் உள்ளன. அதன் நீளம் ஏறத்தாழ ஒன்பது அடி.

இப்போது நம் தண்டவாளத்துக்குத் திரும்புவோம். ஒரு கட்டையையோ கம்பியையோ தட்டினால் அது அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் வில்லைப் போல மேலும் கீழும் வளைகிறது. நடுப்பகுதி மேலே போகும்போது இரு முனைகளும் கீழே வரும். நடு கீழே வரும்போது முனைகள் மேலே போகும். ஆனால் எல்லா இடமும் ஆடுவதில்லை. ஆடாமல் நிற்கும் இடங்கள் இரண்டு உண்டு. அவற்றைக் கணு என்பார்கள். ஒரே கனமுள்ள கட்டையில் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் இந்தக் கணுக்கள் இருக்கும்.

தரையில் கிடத்திய தண்டவாளத்தின் எல்லாப் பகுதியையும் தரை பிடித்துக்கொள்கிறது. ஆட வேண்டிய இடத்தை ஆடவிடாமல் அமுக்குகிறது. ஆகவே ஓசை செத்துவிடுகிறது. மெல்லிய கம்பியில் தொங்கும்போது அதைத் தடுப்பார் இல்லை. அது தன் விருப்பப்படி அதிர்ந்து பாடுகிறது. மரிம்பாக் கட்டைகளில், ஆடாத அந்த இரண்டு இடங்களில் மட்டும் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டுகிறார்கள். அசையாத இடத்தில் பிடித்தால் அசையும் இடத்துக்குத் தொல்லை இல்லை அல்லவா?

பிள்ளைகளே, இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த, வெடிப்பில்லாத பலகைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடி நீளம், இரண்டு அங்குல அகலம், அரை அங்குலக் கனம் இருந்தால் போதும். ஒவ்வொரு முனையிலிருந்தும் நான்கு அங்குலம் அளந்து குறுக்கே கோடு போடுங்கள். பழைய சைக்கிள் டியூபை இரண்டு துண்டுகளாக வெட்டிச் சுருட்டி, அந்தக் கோடுகளுக்குக் கீழே மட்டும் படுமாறு வையுங்கள். ஒரு குச்சியின் நுனியில் ரப்பர் வளையங்களை உருண்டையாகச் சுற்றிக்கொண்டு பலகையின் நடுவில் தட்டுங்கள். மரம் பாடும். பிறகு டியூப் துண்டுகளை நடுவுக்குத் தள்ளிவைத்துத் தட்டிப் பாருங்கள், ஓசை மங்கிவிடும். மீண்டும் கோட்டுக்கே கொண்டுவந்து, பலகையின்மேல் பொடி உப்பைத் தூவி மெதுவாகப் பலமுறை தட்டுங்கள். உப்பு துள்ளித் துள்ளி அந்த இரண்டு கோடுகளின் பக்கமே போய்ச் சேரும். ஆடாத இடம் எது என்பதை உப்பே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்து, ஸ்வரம் எப்படி அமைகிறது என்று பார்ப்போம். வீணையின் தந்தியைப் பாதியாகக் குறைத்தால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும் என்பதைச் சங்கீதம் கற்றவர்கள் அறிவார்கள். மரக்கட்டை அப்படியன்று. கனம் மாறாமல் நீளத்தைப் பாதியாக்கினால் அது இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். ஒரு ஸ்தாயி மட்டும் ஏற வேண்டுமானால் நீளத்தில் பத்துக்கு ஏழு பங்கு வைத்தால் போதும். இருபது அங்குலக் கட்டை ஸட்ஜமம் பேசினால், அதே மரத்தில் அதே கனத்தில் பதினான்கு அங்குலக் கட்டை மேல் ஸட்ஜமம் பேசும்.

நுணுக்கமாகச் சுருதி சேர்ப்பதற்குக் கைவினைஞர் கட்டையின் அடிப்பக்கத்தைச் செதுக்குகிறார். நடுவில் செதுக்கினால் கட்டை அங்கே இளகி, ஒலி இறங்கும். முனைகளில் செதுக்கினால் எடை குறைந்து, ஒலி ஏறும். மரிம்பாக் கட்டையைத் திருப்பிப் பார்த்தால் நடுப்பகுதி பாலத்தின் வளைவு போலக் குடையப்பட்டிருக்கும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் கட்டையும் ஒரே ஓர் ஒலியை மட்டும் தருவதில்லை. முதன்மை ஒலியோடு மேலொலிகள் சிலவும் கலந்து வரும். வளைவில்லாத நேர்க்கட்டையில் அடுத்த மேலொலியின் அதிர்வு முதல் ஒலியின் அதிர்வைப் போல ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. அது முதல் ஒலியோடு ஒட்டாமல் காதுக்கு உறுத்தும். அடியில் வளைவாகக் குடைந்து, அதைச் சரியாக நான்கு மடங்குக்குக் கொண்டுவருகிறார்கள். அப்போது அது இரண்டு ஸ்தாயி மேலே அதே ஸ்வரமாக அமைந்து, முதல் ஒலியோடு இழைந்துவிடும். மரிம்பாவின் ஓசை உருண்டையாகவும் இதமாகவும் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

கீழே தொங்கும் குழாய்களுக்கு என்ன வேலை? கட்டை மட்டும் அதிர்ந்தால் ஒலி சிறிதாகவே இருக்கும். அடி மூடிய குழாயை அதன் கீழே வைத்தால், குழாய்க்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்கிறது. இதனை ஒத்ததிர்வு என்பார்கள். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு தள்ளலுக்கும் பெரிதாக ஆடுகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் குழாயின் நீளம் கட்டையின் ஒலிக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். நொடிக்கு 440 முறை அதிரும் கட்டைக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், அதாவது எட்டு அங்குலக் குழாய் வேண்டும். ஐந்து ஸ்தாயி மரிம்பாவின் மிகத் தாழ்ந்த கட்டை நொடிக்கு 65 முறைதான் அதிர்கிறது. அதற்கு நான்கு அடிக்கும் அதிகமான குழாய் வேண்டும். கருவியின் உயரமோ மூன்று அடி அளவுதான். ஆகவே அந்தக் குழாயைக் கீழே வளைத்து மேலே திருப்பிவிடுகிறார்கள்.

இதையும் சோதித்துப் பார்க்கலாம். அடிக்கணு மூடியிருக்க, ஒன்றேகால் அடி நீளமுள்ள மூங்கில் குழாய் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பலகையின் நடுப்பகுதிக்குக் கீழே அதன் வாயை நெருக்கிப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தட்டிப் பாருங்கள். ஓர் அளவுக்கு வரும்போது ஓசை திடீரென்று நிறைந்து பெருகும். அங்கேதான் குழாயின் காற்று கட்டையோடு இசைந்துவிட்டது என்று பொருள். மரத்துக்கு மரம் அந்த அளவு மாறும்.

மூங்கில் குழாயின் இந்தத் தன்மையை நம் பேராக் மாநிலத்தின் காடுகளில் வாழும் பூர்வகுடி மக்கள் நெடுங்காலமாக அறிந்தவர்கள். தெமியார் மக்களின் செவாங் என்னும் இரவுச் சடங்கில், பெண்கள் வரிசையாக அமர்ந்து, நீளம் வேறுபட்ட இரண்டு மூங்கில் குழாய்களைக் கைக்கொன்றாகப் பிடித்து ஒரு மரத்தடியின்மேல் மாற்றி மாற்றி இடிப்பார்கள். நீளக் குழாய் தாழ்ந்த ஒலியும் குட்டைக் குழாய் உயர்ந்த ஒலியும் தரும். கிளாந்தானில் கெர்த்தோக் கெலாப்பா என்று ஒரு கருவி உண்டு. பெரிய தேங்காயின் மேற்பகுதியை வெட்டி, உள்ளே குடைந்து, அந்த வாயின்மேல் ஒரு மரப்பட்டையைக் கிடத்தித் தட்டுவார்கள். ஒரே ஒரு கட்டையுள்ள மரிம்பா என்றே அதைச் சொல்லலாம். திரெங்கானுவின் கமலான் வாத்தியக் குழுவில் இருக்கும் கம்பாங், வட இந்தியாவின் காஷ்ட தரங்கம் ஆகியவையும் மரக்கட்டைகளை அடுக்கித் தட்டும் கருவிகளே. ஆகவே மரிம்பா நமக்கு முற்றிலும் அந்நியமானது அன்று.

இனி மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா மரமும் பாடாது. மென்மரம் அதிர்வை விழுங்கிவிடும். மரிம்பாவுக்கு மிகச் சிறந்தது நடு அமெரிக்காவின் பெலிஸ் நாட்டுப் பகுதியில் வளரும் ஹோண்டுராஸ் ரோஸ்வுட் என்பார்கள். நம் தமிழகத்து ஈட்டி மரமும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். அந்த மரங்கள் குறைந்துவருவதால், 2017 முதல் அந்த இனம் முழுவதற்கும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாடு வந்தது. விலை குறைந்த கருவிகளுக்கு ஆப்பிரிக்காவின் படாவுக் மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வேங்கையும், இங்கே சாலையோரங்களில் நிழல் தரும் அங்சானாவும் அந்த மரத்தின் உறவினர்களே.

கோலின் நுனியில் உள்ள உருண்டைக்கு வருவோம். நமக்கும் மரிம்பாவுக்கும் உள்ள உறவு இங்கேதான் தெரிகிறது. இரும்பாலோ வெறும் மரத்தாலோ தட்டினால் ஓசை கூர்மையாகி, கட்டையும் காயப்படும். இன்றைய கோல்களில் உள்ளே ரப்பர் உருண்டை; மேலே நூல் சுற்றியிருக்கும். குவாத்தமாலாவில் பழைய கோல்களின் நுனியில் பச்சை ரப்பர்ப் பட்டைகளைச் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கினார்கள். அந்த ரப்பர் நம் மரத்தினுடையது அன்று. நடு அமெரிக்கக் காடுகளில் வளரும் காஸ்டில்லா என்னும் வேறொரு பால்மரத்தினுடையது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் வெட்டுக்கோட்டில் காய்ந்த கோட்டுப்பாலை உருவி, சுற்றிச் சுற்றிப் பந்து செய்து விளையாடினார்களே, அதே வேலைதான்!

நம் ரப்பர் மரமும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அதற்கு முன்னின்றவர் அன்றைய ஆங்கில அதிகாரி ஹியூ லோ. பிறகு அந்த மரத்துக்காக நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையை நீங்கள் அறிவீர்கள்.

மரிம்பாவும் கப்பலேறிய மனிதர்களின் கருவிதான். அதன் தாயகம் ஆப்பிரிக்கா. பெயரும் அங்குள்ள பந்து மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது. மொசாம்பிக் நாட்டின் தென்கடற்கரையில் சோப்பி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய மரக்கட்டைக் கருவிக்குத் திம்பிலா என்று பெயர். கட்டையின் கீழே காய்ந்த காயோடுகளைத் தேன்மெழுகால் ஒட்டி, அவற்றில் மெல்லிய சவ்வு ஒன்றும் பொருத்துவார்கள். தட்டும்போது வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓசையும் சேர்ந்து எழும். ஐந்து முதல் முப்பது கருவிகள் வரை ஒன்றுசேர்ந்து வாசிக்கும் குழுக்கள் அவர்களிடம் உண்டு. யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இக்கலையை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது.

இந்தச் சோப்பி ஆண்கள் பலர் பிழைப்புக்காகத் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கொட்டடிகளில் கூட்டமாகத் தங்கினார்கள். போன இடத்திலும் திம்பிலாக் குழுக்களை அமைத்து, ஓய்வுநாளில் வாசித்தார்கள், ஆடினார்கள். தலைவர்களின் குறைகளையும் வரிச்சுமையையும் வேலையின் துன்பத்தையும் பாட்டில் வைத்தார்கள். ஹியூ டிரேசி என்னும் ஆய்வாளர் அவற்றைக் கேட்டுத் தொகுத்து 1948இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். இதைப் படிக்கும்போது லயத்து வாசலில் பாடிய தெம்மாங்கும், இழவு வீட்டு ஒப்பாரியும், திருவிழாவில் முழங்கிய தப்பும் உறுமியும் என் நினைவுக்கு வந்தன.

நடு அமெரிக்காவுக்கு இந்தக் கருவி போன வழி இதைவிடக் கொடுமையானது. ஐரோப்பியர் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகப் பிடித்துக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோனார்கள். அவர்கள் கையில் கருவி ஏதும் இல்லை. அதைச் செய்யும் அறிவு மட்டும் இருந்தது. அங்கே கிடைத்த மரத்தையும் சுரைக்குடுக்கையையும் கொண்டு அவர்கள் மீண்டும் அதைச் செய்தார்கள். அங்குள்ள பூர்வகுடி மக்களும் அதைக் கற்றுத் தமதாக்கிக்கொண்டார்கள். 1680இல் குவாத்தமாலாவின் பேராலயத் திறப்பு விழாவில் மரிம்பா வாசிக்கப்பட்டதாக டொமிங்கோ ஹுவாரோஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கருப்பு வெள்ளைக் கட்டைகள் போல இரண்டு வரிசைகள் அமைத்த பெருமை யாருக்கு என்பதில் இன்றும் வழக்கு உண்டு. 1894இல் செபஸ்தியான் ஹுர்தாதோ செய்தார் என்று குவாத்தமாலா மக்கள் சொல்வார்கள். 1897இல் கொராசோன் போராஸ் செய்தார் என்று மெக்சிகோவின் சியாபாஸ் மக்கள் சொல்வார்கள். அடிமைகள் கொண்டுவந்த கருவிக்கு இன்று இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடுகின்றன! 1978இல் குவாத்தமாலா நாட்டின் சட்டமன்றம் மரிம்பாவை நாட்டின் தேசிய இசைக்கருவியாக அறிவித்தது.

பிறகு அமெரிக்காவின் சிகாகோ நகரத்துத் தொழிற்சாலைகள் குடுக்கைக்குப் பதில் உலோகக் குழாய் வைத்து இதனை மேடைக் கருவியாக்கின. 1950இல் லாரன்ஸ் லகூர் என்னும் அமெரிக்கப் பாதிரியார் ஜப்பானுக்கு மரிம்பாவைக் கொண்டுபோனார். அதைக் கேட்ட பள்ளிச் சிறுமிகளில் ஒருவர் கெய்கோ அபே. பிற்காலத்தில் அவர் உலகப் புகழ் பெற்ற மரிம்பாக் கலைஞரானார். யமாஹா நிறுவனம் அவருடன் சேர்ந்து உழைத்து 1984இல் ஐந்து ஸ்தாயி மரிம்பாவை உருவாக்கியது.

நேயர்களே, இவ்வளவு நேரம் தொலைதூரத்துக் கதையைச் சொன்னேன். முடிக்குமுன் பக்கத்துக் கதை ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பள்ளி விழாவுக்கு யார் யாருக்கு என்ன வாசிக்கத் தெரியும் என்று கேட்டேன். ஒருவன் கீபோர்ட் என்றான். ஒரு மாணவி வயலின் என்றாள். இவன் மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான். சில வாரங்கள் கழித்து ஒரு கோயில் திருவிழாவில் அவனைப் பார்த்தேன். தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்று, நெருப்பில் காய்ச்சிய தப்பை அவன் அடித்த வேகத்தைக் கண்டு அசந்து நின்றுவிட்டேன். மறுநாள், "ஏனப்பா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சிரிப்பாங்க சார்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. அவனுக்கு முன்னே அவன் தந்தையைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த அதுவரை நானும் எதுவும் செய்யவில்லை.

அன்று வகுப்பில் நான் மரிம்பாவின் கதையைத்தான் சொன்னேன். அடிமைகளின் கருவி என்று ஒருகாலத்தில் தாழ்த்தப்பட்டது, ஒரு நாட்டின் தேசியக் கருவியானது எப்படி என்று சொன்னேன். அதை வாசித்தவர்கள் விட்டுவிடவில்லை; பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்; செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அந்த ஆண்டு விழாவில் தப்பு ஒலித்தது. யாரும் சிரிக்கவில்லை.

இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயங்கள் போய்விட்டன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் வேறு பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் உறுமி முழங்கும்போது கூட்டமே நின்று கேட்கிறது. அந்தத் தோலைக் காய்ச்சுவது எப்படி, வளைந்த குச்சியால் தேய்த்தால் உறுமி ஏன் உறுமுகிறது, எந்தச் சடங்குக்கு எந்த அடி என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்கோ தெரியும். அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். கைத்தொலைபேசி இருக்கிறதல்லவா? மணியடிக்க மட்டுமின்றி, தாத்தாவின் தப்போசையைப் பதிவு செய்துவைக்கவும் அது உதவும்.

பலகைச் சோதனையையும் மறந்துவிடாதீர்கள். முனையிலிருந்து நான்கு அங்குலம். அளவு தப்பினால் கட்டை பாடாது.